பதினோராவது வளைவு

ஃபர்வானியாவில் நாலு பேர் காசு சேர்த்து வாங்கிய
பழைய கம்ப்யூட்டர்.
எல்லா கேமும் ஓடும் என்று
சத்தியம் செய்துதான் விற்றான் எகிப்துக்காரன்.
ஓடியது. பதினோராவது வளைவு வரைக்கும்.

மலைப்பாதை, மழை, சிவப்புக் கார்.
பத்தாவது திருப்பத்தில் ஒரு மாதாகோயில்.
அதைத் தாண்டியதும் திரை கறுக்கும்.
அதில் என் முகம்.

டிரைவர் சரியில்லை என்றேன்.
"என்னையா சொல்ற?" என்றான் லியாகத்,
பால் வண்டி ஓட்டுகிறவன்.
பழையதை அழித்துப் புதியதைப் போட்டேன். கறுத்தது.

பக்கத் தகட்டைக் கழற்றினால்
போன மே மாதத்துப் புழுதிக்காற்று
விசிறியில் கம்பளியாய்ப் படிந்திருந்தது.
பெயின்ட் பிரஷால் தட்டி, புதுப் பசை தடவி
தொண்ணூற்றிரண்டை எழுபதுக்கு இறக்கினேன்.
வெளியே நாற்பத்தெட்டு. அதற்குப் பசை கிடையாது.

செட்டிங்ஸில் கை வைத்தேன்.
நிழலை எடுத்தேன், மரங்கள்
தரையில் ஒட்டாமல் நின்றன.
புல்லை எடுத்தேன். தூரத்து மலைகளை எடுத்தேன்.
"மழைய மட்டும் விட்ருப்பா" என்றான் ஞானப்பிரகாசம்.
எடுத்தேன்.
காய்ந்த கண்ணாடியில் வைப்பர் மட்டும் ஆடியது.
இந்த ரோட்டைப் பார்க்க
கேம் எதற்கு?
அதுவும் கறுத்தது.

வெள்ளிக்கிழமை. தோற்றுப்போய்க் கட்டிலில் கிடந்தேன்,
லியாகத் ஓட்டிக்கொண்டிருந்தான்.
சுவரில் ஏசி 'டக்' என்றது.
ட்யூப்லைட் ஒருமுறை கண்சிமிட்டியது.
திரை கறுத்தது.

ஒன்பது வருஷமாய் ஏசி மெக்கானிக் நான்.
ஸால்மியாவில் எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன்,
கம்ப்ரஸர் எழும்போது கரண்டை உறிஞ்சும் மேடம்,
அந்த பிளக்கில் வேறெதையும் மாட்டாதீங்க என்று.
கறுத்த பெட்டிக்கு உயிர் வந்து
மறுபடி அந்த வளைவுக்கு நான் போய்ச்சேர
பதினாலு நிமிஷம்.
அறை குளிர்ந்து, கம்ப்ரஸர் ஓய்ந்து, மறுபடி எழவும்
அதே பதினாலு.

அறையில் இருப்பது ஒரே பாயின்ட்.
யாரும் யாரையும் கேட்கவில்லை.
இரவு ஷிஃப்ட் முடித்துப் படுத்திருந்த செல்லையா
தானாக எழுந்து போய் ஏசியை அணைத்தான்.
மழையை முழுசாகத் திறந்துவிட்டேன்.

மாதாகோயில். பதினொன்று.
கறுக்கவில்லை.
பன்னிரண்டாவது வளைவில் பெரிதாக ஒன்றுமில்லை,
ஆளில்லாத ஒரு பெட்ரோல் பங்க்
நனைந்துகொண்டிருந்தது.
பனியனைக் கழற்றிப் பிழிந்தபடி
நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.