முதல் கையெழுத்து

பாரோ துறைமுகத்தில் மழை பக்கவாட்டில் அடிக்கிறது.
கொட்டகைக்குள்ளே, கூரை முட்டும் நீர்மூழ்கியின் வயிற்றில்
முழங்கால் தேயத் தவழ்கிறாள் ரோவீனா பிராத்வெயிட்.
பட்டம் வாங்கிப் பதினோரு வாரம்.

உந்து மோட்டாரைக் கனவு கண்டவளுக்குக்
கிடைத்தது
முப்பத்தொன்றாம் படுக்கையின் வாசிப்பு விளக்கு.

இரண்டு கம்பி, ஒரு சுவிட்ச்.
காப்புத்தடையை மூன்று முறை அளந்தாள்.
மூன்றாவது, பயத்துக்கு.

படிவத்தில் கையெழுத்திடும்போது
பேனா மக்கர் செய்தது.

இது ஆழத்துக்கு இறங்கும் நாளில்
அவள் கரையில் இருப்பாள்,
அநேகமாக வேறு வேலையில்.
அந்தப் படுக்கைக்கு உரியவன்
இப்போது எங்கோ ஏழாம் வகுப்பில்
ஓம் விதியைத் தப்பாக எழுதிக்கொண்டிருக்கலாம்.
வெயில் எட்டாத ஏதோ ஓர் இரவில்
கை நீட்டித் தடவுவான்,
யாரென்று யோசிக்காமல்.

"இன்றைக்கு என்ன வேலை?" வீட்டில் கேட்டார்கள்.
சொல்லக் கூடாது.

"விளக்கு போட்டேன்" என்றாள்.