மூச்சுக்குழாய்

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி மூன்றாவது ஷெட்.
சிவப்பு இரண்டுகதவு வண்டிக்குள்
வேறொரு வண்டியின் இன்ஜின் இறங்கிவிட்டது.
மூச்சுவிடத்தான் வழியில்லை.

நீல சிலிக்கான் ஹோஸ் வாங்கிவந்தான் ரிஜாஸ்.
பார்க்க அழகுதான்.
ஒரே மாதத்தில் எண்ணெய் வேர்க்கும், என்றேன்.
வளைத்துக் காட்டினேன்,
நசுங்கியது.

நசுங்கினால் என்னக்கா?

அடைபட்ட ஆவி சீலைப் பிதுக்கிக்கொண்டு வரும்டா,
பந்திவரைக்கும் வாயே திறக்காத பங்காளி மாதிரி.

கொழிஞ்சாம்பாறை டிராக்டர் கடையில் கிடைத்தது
பத்தொன்பது மில்லிமீட்டர் கறுப்பு ரப்பர்.
பூசணிக்கொடிபோல் அசிங்கமாகப் போகிறது
பளபளக்கும் இன்ஜினுக்குக் குறுக்கே.
வண்டிக்காரர் முகம் சுளித்தார்.

ஸ்டார்ட் செய்து,
ஆயில் மூடியைத் திறந்து
உள்ளங்கை வைத்தான் ரிஜாஸ்.

"விடமாட்டேங்குதுக்கா."

கணவாய்க் காற்றில் தகரம் படபடத்தது.
நீல ஹோஸ் இப்போது
குழாயடியில்,
வாளிக்குத் தண்ணீர் பிடிக்கிறது.