நூற்று எண்பத்திரண்டு

வண்ணார்பேட்டையில் டயர்க்கடைக்கு மேலே
பிரமநாயகம் ஆடிட்டர் அலுவலகம்.
செங்கோட்டைக் கணவாயில் நுழைந்த ஆனிக் காற்று
நேரே என் ரசீதுகள் மேல் வந்து இறங்குகிறது.
கட்டுக்கு ஒரு பாரம் வைத்திருக்கிறோம்:
ஸ்டேப்ளர், என் மணிபர்ஸ்,
எவரோ விட்டுப்போன பைக் சாவி,
பாதி தின்ற மிக்சர் பொட்டலம்.

“எத்தன நாளு இங்கன இருந்திய?”

ஆறு மாசம் இருக்கும் என்றேன்.

“மாசம் வேண்டாம். நாளு.”

தொழிலில் நான் இப்படி உளறுவதில்லை.
பிறர் பேச்சுக்குக் கீழே எழுத்துப் போடுகிறவள்.
உதடு திறக்கும் முன்னே வார்த்தை வந்துவிடக் கூடாது,
மூடிய பிறகு தங்கிவிடவும் கூடாது.
நொடியில் இருபத்து நான்கில் ஒரு பங்கு பிசகினால்
சியோலிலிருந்து சிவப்புக் கோடு வரும்.
ரிகாவில் ஜன்னலோரம் உட்கார்ந்து
ஓஸ்லோக்காரி அழுவதை மாண்ட்ரியாலுக்கு
அளந்து கொடுத்திருக்கிறேன்.
என் நாட்களை அளந்ததில்லை.

பேராச்சி பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு
கூட்டுறவு வங்கிக் காலண்டரைப் பிரித்தாள்.
ஆகஸ்ட் பதினாலு, திருவனந்தபுரம் முத்திரை.
அந்த மாதம் பதினெட்டு.
செப்டம்பர் முழுக்க;
பெருமாள்புரத்தில் தங்கை வீட்டு மாடி,
கரண்டு போய்ப் போய் வந்தது மட்டும் நினைவிருக்கிறது.
அக்டோபர். நவம்பர்.
டிசம்பரில் நாலு நாள் மழை,
ஜங்ஷன் பக்கமே போக முடியவில்லை,
வேலையும் ஓடவில்லை, தூங்கினேன்.
“தூங்குன நாளும் நாளுதான் மேடம்.”
ஜனவரியும் போட்டாள். நூற்று எழுபத்தொன்று.

பிப்ரவரி பத்து விடியற்காலை டிக்கெட்.
ஒன்பதாம் தேதி இரவு
கீழ்க் கடவாய்ப்பல் என் தலையைப் பிளந்தது.
டிக்கெட்டைத் தள்ளிப்போட்டு
மறுநாள் காலை பாளையங்கோட்டையில்
டாக்டர் யூனிஸ் அதை மூன்று துண்டாக எடுத்தார்.
பார்க்கிறீர்களா என்று தட்டை நீட்டினார்.
வேண்டாம் என்று தலையாட்டினேன்.

“பத்தாந்தேதியே போயிருந்தா நூத்தி எம்பத்தொண்ணு.
தப்பிச்சிருப்பிய.”
பிரமநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
“இப்ப எம்பத்திரெண்டு. இங்கன குடியிருக்கவ நீங்க.
ஓஸ்லோ காசு, சியோல் காசு
எல்லாத்தையும் இங்க சொல்லணும்.”

பத்து வருசமாக எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கு
ஆளுக்கொரு பதில் சொல்லி வந்தேன்.
ஒரு சொத்தைப்பல் முடித்து வைத்தது.

பிறகு படிவம் அறுபத்தேழு.
சியோலில் பிடித்த வரிக்கான சான்றைத் தலைகீழாகப் பிடித்து
“இதுல தேதி எங்கன இருக்கு?” என்றார்.
திருப்பிக் கொடுத்தேன்.
ரிகாவில் வாங்கிய நாற்காலியின் பில் வந்தது.
“இது தொழிலுக்கா, இருக்கதுக்கா?”
இருந்துதான் தொழில் என்றேன்.
பேராச்சி சிரித்தாள், அவர் சிரிக்கவில்லை,
பாதி விலையை மட்டும் எழுதிக்கொண்டார்.

டீ வந்தபோதுதான் குரலைத் தாழ்த்தினார்:
“ஏறுன நாள எண்ணணுமான்னு ஒரு பேச்சு இருக்கு.
வண்டி விடியக்காலம் நாலரைக்கு.
அன்னைக்கு நீங்க இங்க இருந்ததே நாலர மணி நேரம்.
வாதாடிப் பாக்கலாம்.”

நாலரை மணி நேரம்.
விமான நிலையத்தில் வாயில் பஞ்சு,
கை கழுவும் தொட்டியில் இரண்டு முறை ரத்தம்,
மடியில் கணினி.
வலை பின்னுவதைப் பற்றி ஒரு கிழட்டு நார்வேக்காரர்
பேசிய ஐந்து நிமிடத்தை
வார்த்தை வார்த்தையாக உட்கார வைத்து
கதவு மூடும் முன் அனுப்பிவிட்டேன்.
மிக்சர் பொட்டலத்துக்குக் கீழே தேடினேன்.
இருந்தது: இன்வாய்ஸ் எண் நாற்பத்தேழு,
பிப்ரவரி பதினொன்று.

எண்ணிக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் எழுதினார்.
பேராச்சி புதுத் தாள் ஒன்றை எடுத்தாள்,
மேலே இந்த வருசத்தைப் போட்டாள்.
“இப்ப வந்து எத்தன நாளாச்சு மேடம்?”
பதினொன்று.
பதினொரு கோடு கிழிக்கிற சத்தம் கேட்டது.
அதற்குள் என் நாக்கு
அந்தப் பள்ளத்துக்குப் போயிருந்தது.