வராதவர்களின் நோட்டு

வந்தவர்களுக்குச் சீட்டு உண்டு.
தேதி, எடை, என் கோழிக்கிறுக்கல்.
வராதவர்களுக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தேன்.
பழுப்பு அட்டை,
ஓரத்தில் கரையான் தின்ற அரைவட்டம்.

முதல் பெயர் பவுனம்மாள்.
நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப் பத்து.
ஒரு வாரத்து மாத்திரை கொடுத்து
திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னேன்.
முள்ளியாற்றில் தண்ணீர் தாமதித்த வருஷம் அது.
கடைமடைக்கு வந்து சேர்ந்த வாரத்தில்
எல்லா வயலும் ஒரே சமயத்தில் ஆள் கேட்டன.
பத்து மணிக்கு அவள்
முழங்கால் சேற்றில் குனிந்து நாற்றுமுடி அவிழ்த்திருப்பாள்.
பத்து மணிக்கு நான்
காலிப் பெஞ்சைப் பார்த்தபடி
"இந்த ஜனத்துக்கு உடம்பில் அக்கறையே இல்லை" என்று
கம்பவுண்டர் ஜோதிலிங்கத்திடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.
அவர் பஞ்சு பிய்த்துக்கொண்டிருந்தார்.
பதில் பேசவில்லை.

மூன்றாம் வாரம் டிராக்டர் டிரெய்லரில் கொண்டுவந்தார்கள்.
வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.
விரலிடுக்கில் காய்ந்த சேற்றோடு
வலது கை யாருடையதோபோலக் கிடந்தது.
மகள் அழவில்லை. ஒன்று கேட்டாள்:
"சாயங்காலத்துல நீங்க இருக்க மாட்டீங்களா டாக்டர்?"

ஐந்தரை வருஷம் மதுரையில் படித்தேன்.
ஒரு பரீட்சையிலும் இது வரவில்லை.

மாலை ஆறரை முதல் ஒன்பது என்று
பலகையை மாற்றி எழுதினேன்.
பெஞ்சு நிறைந்தது, பாதிதான்.
காலனி ஆட்கள் சாக்கடைக்கு அந்தப் பக்கமே நின்றார்கள்.
கூப்பிட்டால் இரண்டடி வந்து மறுபடி நின்றார்கள்.
மேலத்தெருவில் வாடகை அறை எனக்கு;
படி யாருடையது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது,
எனக்குத்தான் ஆறு வருஷமாகத் தெரியவில்லை.

மதகுக்கு அப்பால் பூட்டிக்கிடந்த உரக்கொட்டகைக்கு மாறினேன்.
மேலத்தெரு மிராசு ஆள் அனுப்பினார்:
"அவ்வளவு தூரம் எப்படி வருவது?"
அதே தூரம்தான் என்று சொல்லியனுப்பினேன்.
நாலு மாதம் யாரும் வரவில்லை.
ஐந்தாம் மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவரே வந்தார்.
சாய்ந்துகொள்ள இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தவர்
காலனி மாரிக்கண்ணு.
அன்றைக்கு அதை யாரும் கவனிக்கவில்லை,
மறுநாள் கவனித்தார்கள்.

போர்த் தண்ணீர் கரித்தது.
எல்லாருக்கும் உப்பைக் குறை, உப்பைக் குறை என்பேன்;
குடத்திலேயே கடல் இருந்தது.
ஒருநாள் கோபத்தில்
மருந்துச் சீட்டிலேயே எழுதி ஊராட்சிக்கு அனுப்பினேன்:
நல்ல தண்ணீர்க் குழாய். காலை ஒன்று, மாலை ஒன்று.
கீழே முத்திரை, கையெழுத்து, பதிவு எண்.
குழாய் வர ஒன்பது வருஷம்.
கடைசி இரண்டு தெருவுக்கு இன்னும் காற்றுதான் வருகிறது.

புயலடித்த ராத்திரி ஓடு பறந்து நோட்டு நனைந்தது.
எட்டுப் பக்கம் மை கரைந்துபோனது.
யார் வராதவர் என்று தெரியாததால்
ஒரு வீடு விடாமல் போனேன்.
நான் ஒழுங்காக வைத்தியம் பார்த்தது
அந்த ஒரு வருஷம்தான் என்று தோன்றுகிறது.

போன மாதம் பொன்னாடை போர்த்தினார்கள்.
எத்தனை உயிரைக் காப்பாற்றியிருப்பீர்கள் என்று
மைக்கில் கேட்டார் ஒருவர்.
வராத பக்கவாதத்துக்கு ஏது கணக்கு?
அது அந்நேரம் எங்கோ
சைக்கிளில் புல்லுக்கட்டோடு போய்க்கொண்டிருக்கும்,
என்னைப் பார்த்தால் வணக்கம்கூடச் சொல்லாது.
பவுனம்மாளைச் சொல்லலாமென்று வாயெடுத்தேன்.
முன்வரிசையில் இடது கையால்
முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.
விட்டுவிட்டேன்.

நேற்று அலமாரியைக் காலி செய்யும்போது
நோட்டின் கடைசிப் பக்கம் திறந்தது.
ஜோதிலிங்கத்தின் உருண்டைக் கையெழுத்து:
டாக்டர் ஹலீமா. வயது அறுபத்து மூன்று.
நாலு வருஷமாகப் பார்த்துக்கொள்ளவில்லை.

நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.
பட்டையைச் சுற்றி, அமுக்கி, விட்டு,
மறுபடி அமுக்கினார்.
அளவைச் சொல்லவில்லை.
அடுத்த வாரம் கட்டாயம் வரணும் என்றார்.

எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.