பகலில் பூசக்கூடாது

செங்டு நகரில் ஜூலை பிறந்துவிட்டால்
சாலைக்குக் கோடு போடும் எங்களுக்கு
இரவுதான் பகல்.
காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை
பெயிண்ட் டப்பாவின் மூடி திறக்கக்கூடாது, உத்தரவு.
பெட்ரோல் பங்கிலும்
இருட்டியபின் வருகிறவருக்குத்தான் தள்ளுபடி.

ஏன் என்று கேட்டால்
மேற்பார்வையாளர் லுவோ ஒரு படம் காட்டுவார்:
வண்டிப் புகை, பெயிண்ட் ஆவி, நிறைய அம்புக்குறிகள்,
மேலே மஞ்சளாக ஒரு சூரியன்.
"அடுப்பு அதுதான்.
அணைக்க முடியாது. அரிசி போடாமல் இருக்கலாம்."

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம்
எதிர்ச்சாரி விளக்குக் கம்பம் தெரியாது.
சளி கறுப்பாக வரும்.
அப்புறம் கொதிகலன்களை மூடினார்கள். சூளைகளை மூடினார்கள்.
லாரிகளை வெளிவட்டச் சாலையோடு நிறுத்தினார்கள்.
ஒரு விடியலில் வேலை முடிந்து பாலமேறினால்
மேற்கே
பனிமலை.
பஸ் ஓட்டுநர் கதவைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.
யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

அந்த மலை தெரிகிற நாளில்தான் இப்போது
யாவென்னின் பள்ளியில் மூன்று மணி ஓட்டம் ரத்து.
"தூசு எங்கேம்மா?"
இல்லை.
இல்லாததால் வெயில் தடையில்லாமல் இறங்குகிறது.
லாரிப் புகை இருந்தவரை
ஓசோனைக் கொஞ்சம் தின்றுகொண்டிருந்ததாம்.
கோழி திருடிய கீரியைத்தான் விரட்டினோம்.
பாம்புக்குக் கொண்டாட்டம்.

பாம்பு கண்ணில் படாது.
பால்கனியில் மாட்டிய ரப்பர் பட்டை
இழுத்ததும் அறுகிறது.
சைக்கிள் டயரின் விளிம்பில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு.
மத்தியானத்தில் ஆழ்ந்து மூச்சிழுத்தால்
விலாவுக்குக் கீழேயும் அதே வெடிப்பு.

பழைய புகையே தேவலை என்கிறான் உடன் வேலை செய்யும் தெங்.
கறுப்புச் சளியை அவன் மறந்துவிட்டான்.
நான் என் கைக்குட்டைகளைத் துவைத்தவள்.

இந்தக் கோடையில் தண்ணீர் பெயிண்ட் வந்திருக்கிறது.
வாசனையே இல்லை,
ஏதோ வேலையே செய்யாத மாதிரி.
ஆனால் காய்வேனா என்கிறது,
இந்த ஊர்ப் புழுக்கத்தில்.
நான்காம் மருத்துவமனை வாசலில்
பாதசாரிக் கோடுகள் ஏழு போட்டு முடித்தோம். மணி ஐந்து நாற்பது.
கூம்புகளுக்கு நடுவே புகுந்து
பால்காரனின் மின்ஸ்கூட்டர்
மூன்றாம் கோட்டை ஆறாவது வரை இழுத்துக்கொண்டு போகிறது.

தெங் கெட்ட வார்த்தையில் கத்துகிறான்.
நான் காலி அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து
குத்துக்காலிட்டு உட்கார்ந்து
சாலைக்கு விசிறுகிறேன்,
கிழக்குக் கட்டடங்களுக்குப் பின்னால்
அடுப்பு பற்றுவதற்குள்.