அறுபத்து மூன்று பேர்

துவாஸ் விடுதிக் கேண்டீன். ஞாயிறு, மதியம் இரண்டு.
நாற்பது நாற்காலிக்கு அறுபத்து மூன்று பேர்.
மிச்சப் பேர் அரிசி மூட்டைமேல்.
ஓடாத வாஷிங் மெஷின்மேல் ஒருவர்.
மைக் கேட்டேன்.
‘தேர்தலுக்கா நிற்கிறீங்க?’ என்றார் மேலாளர்.

ஆளுக்கு ஒரு நிமிடம் பேசவைத்தாலும்
என் ஒரு மணி நேரம் போதாது.
அதனால் எல்லாம் கோரஸ்தான்.

‘இட் ஈஸ் நாட் சேஃப்’ என்கிறேன்.
தகரக் கூரை அதிரத் திரும்பி வருகிறது.
அப்பலநாயுடுவுக்கு அது சேப்,
மொஃபிசுலுக்கு ஷேஃப்,
பின்வரிசையில் யாருக்கோ சோப்பு.
சிரித்து முடிக்கவே இரண்டு நிமிடம்.

கூட்டத்தில் பிழை கரைந்துவிடும்,
சாம்பாரில் பெருங்காயமாய்.
வாய் திறக்காதவரும்தான்.
மூன்றாம் தூணருகே தவமணி
மூன்று மாதமாய் உதட்டை மட்டும் அசைக்கிறார்.
எனக்குத் தெரியும்.
பள்ளிப் பாட்டுக்குழுவில் எனக்கும் அதே வேலை.

மார்க்கர் மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.
அவரே வந்தார்.
‘டீச்சர், எட்டாவது மாடிச் சாரத்துல பலகை ஆடுது.
நாளைக்கு அங்க நான் ஒருத்தன்தான்.
சூப்பர்வைசர்கிட்ட இதத்
தனியாச் சொல்லணும்.
எவ்ளோ சத்தமாச் சொல்லணும்?’

பாடப் புத்தகத்தில்
காலம் உண்டு, எழுவாய் உண்டு.
சத்தம் எந்தப் பக்கத்திலும் இல்லை.

‘இப்ப சொல்லுங்க’ என்றேன்.
தரையைப் பார்த்துச் சொன்னார்.
‘கேக்கல. இன்னொரு தடவை.’

கேட்டிருந்தது.