சஞ்சல ஆதனம்

பட்டியலில் ஒன்பதாவது நீ.
எட்டாவது காஸ் சிலிண்டர்,
பத்தாவது கால் உடைந்த கட்டில்.
நாய், ஒன்று. நிறம், செம்மண்.
பெறுமதிக்கு நேரே தட்டச்சுக்காரி
ஒரு சின்னக் கோடு போட்டிருந்தாள்.

ஹட்டன் நீதிமன்றத்தில் அன்று கரண்ட் இல்லை.
பனிமூட்டம் சன்னல்வரை வந்து நின்றது.
சட்டத்தரணி சிங்களத்தில் சொன்னார்: சஞ்சல தேபல.
எனக்கு முதற்சொல் மட்டும் விளங்கியது.
மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமி
"அசையும் ஆதனம்" என்றார்.
சிங்களமே சரி என்று பட்டது.

விலைக்கு வாங்கியதா? யாருடைய காசு?
யாருடைய காசுமில்லை ஐயா.
பதினோராம் நம்பர் மலையில், நிறுவை நேரம்,
கொழுந்துச் சாக்குக்குள் கிடந்தது.
விளையாட்டாகத் தராசில் போட்டார்கள், ஒன்றரைக் கிலோ.
அதற்குப் பிறகு நிரைக்குப் பின்னால் தினமும் நடக்கும்,
யார் பறித்தது யார் விட்டது என்று
மேற்பார்வை பார்க்கிற மாதிரி.
அதனால்தான் கண்டாக்கு என்று பேர்.
பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.
பேர் தேவையில்லை, என்றார் சட்டத்தரணி.

ஊசி அட்டை யார் பேரில்?
என் பேரில்.
சோறு வைப்பது?
நான்.
காதுக்குள் ஏறிய அட்டைக்கு உப்புத் தண்ணீர் விடுவதும்
நான்தான் என்று கேட்காமலே சொன்னேன்.
எல்லாம் உண்மை. சத்தியம் செய்துவிட்டுச் சொன்ன உண்மை.

கேட்காமல் விட்டது ஒன்று இருந்தது.
மாசி மாதம், லயத்துக் கோடிக்குப் பின்னால்
சிறுத்தை வந்த இரவு.
உன் குரல் பாதியில் அறுந்தபோது
கதவைத் திறந்தது நானில்லை.
டோர்ச்சும் தகரமுமாக, அவிழ்ந்த சாரத்தோடு
கானில் விழுந்து எழுந்து ஓடினான் தியாகு.
தோளில் போட்டுக் கொண்டுவந்து
விடியும்வரை உன் கழுத்துக் காயத்தை
உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தான்.
என்னை ஒருநாளும் அப்படித் தொட்டதில்லையே என்று
அடுப்படியில் நின்று நினைத்தேன்.
அந்த நினைப்புக்குப் பட்டியலில் எந்த இலக்கம்?

எதிராளிக்கு ஏதும் சொல்ல இருக்கிறதா?
அவன் என்னைப் பார்த்தான்.
நான் சொல்வேன் என்று நினைத்தானோ என்னவோ.
நான் குடைக்கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
இல்லை, என்றான்.

நீதிபதி நல்ல மனிதர்.
ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே
என்று வைத்தாலென்ன, என்று கேட்டார்.
கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுகிற கணக்கு
எங்களுக்குத் தெரியாததா?
முழுசாக வேண்டும் ஐயா, என்றேன்.
கிடைத்தது.

சட்டம் எழுதுகிறவர்களே,
யார் வாங்கியது என்று கேட்காதீர்கள்.
யார் சோறு வைத்தது என்பதோடும் நிறுத்தாதீர்கள்.
யார் வரும் நேரம் அதற்குத் தெரியும்,
அதைக் கேளுங்கள்.
என்னைப் போல் ஒருத்தி குடைக்கம்பி எண்ணினால்
இன்னொரு தடவை கேளுங்கள்.

ஆறரை.
பொகவந்தலாவை பஸ் வளைவில் முனகி ஏறுகிறது.
நீ முச்சந்திக் கல்லின்மேல், முதுகெல்லாம் மழை.
காதுகூட அசையவில்லை,
என் அசையும் ஆதனமே.
பஸ் இரண்டு பேரை இறக்கிவிட்டுப் போகிறது.
நீ இறங்கியவர்களைப் பார்க்கவில்லை,
மூடிய கதவைப் பார்க்கிறாய்.

தட்டில் சோறு ஆறுகிறது.
போனில் அவன் நம்பர் இன்னும்
வீட்டுக்காரர் என்றே கிடக்கிறது.
மழை விட்டதும் எடுப்போம் என்று நிற்கிறேன்.
ஆடி மாதம்.
இது விடுகிற மழையா?